பெயர்களுக்குப் பேன் பார்த்த காலம்

நெல்லியடிச் சந்தையில் யாராவது என்னைப் பிடித்து, "யோகா அக்கா, கண் ஆஸ்பத்திரியிலை என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டால், முன்பெல்லாம் "கணினிப் பிரிவு" என்று சொல்வேன். உடனே கைத்தொலைபேசியை நீட்டி, "உதிலை படம் திறக்குதில்லை, ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். கத்தரிக்காய் வாங்கப் போய், ஊராரின் தொலைபேசிகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு வீடு வந்த நாட்கள் உண்டு. இப்போது மறுமொழியை மாற்றிவிட்டேன். "பெயர்களுக்குப் பேன் பார்த்தனான்" என்கிறேன். அதன் பிறகு ஒருவரும் தொலைபேசியை நீட்டுவதில்லை.

சொன்னதில் பொய் இல்லை. நோயாளரின் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் வேண்டாத குறிகளைத் தேடிப் பிடித்து எடுப்பதுதான் என் உத்தியோகத்தின் பின்பாதி. இப்போது ஆஸ்பத்திரிக்குப் புதிய மென்பொருள் வருகிறது. நான் பைதன் என்ற கணினிமொழியில் எழுதி வைத்த பழைய நிரலுக்கும் ஓய்வு கொடுக்கிறார்கள். அதைக் கழற்றி வைக்கும் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கூடவே, "அக்கா, நிரலின்ரை முதல் வரி என்னத்துக்கு எண்டு விளங்கேல்லை, அழிக்கலாமோ?" என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதையே எழுதுகிறேன்.

தட்டச்சுப் பொறியோடு கந்தோர் உத்தியோகத்துக்குள் போனவள் நான். பைதன் படிக்கப் போனபோது தலை நரைத்துவிட்டது. யாழ்ப்பாணம் நகரில் ஒரு மாடியறையில் சனிக்கிழமை வகுப்பு. பக்கத்துக் கதிரைகளில் இருந்ததெல்லாம் என் மகளின் வயதுப் பிள்ளைகள். படிப்பித்த பெடியனுக்கு என்னை அக்கா என்பதா அன்ரி என்பதா என்று கடைசிவரை முடிவாகவில்லை. ஒன்றும் கூப்பிடாமலே படிப்பித்து முடித்து, சான்றிதழையும் கையில் தந்து அனுப்பிவிட்டான். என் படிப்பின் கதை அவ்வளவுதான்.

எதற்காகப் படித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வந்து கண்புரை வெட்டுவார். ஒரு நாளில் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் ஒருவரும் இல்லை என்பது அவருடைய கட்டளை. பெயர் பதிந்தவர்களைக் கணினி வரிசைப்படுத்தி, முதல் பன்னிரண்டு பேருக்கு "வாருங்கள்" என்றும், மற்றவர்களுக்கு "அடுத்த முறை" என்றும் குறுஞ்செய்தி அனுப்பும். பெயரில் வேண்டாத குறி ஏதும் கிடந்தால் செய்தி போகாது, அல்லது எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பெட்டிகளாய்ப் போய் நிற்கும்.

எங்கள் சனம் சும்மா பெயர் எழுதும் சனமா? செல்லம்மா என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் கிணற்றடி என்று வளவின் பெயரையும் போடுவார்கள். இரண்டு பெயர் இருந்தால் நடுவில் ஒரு சாய்கோடு. அவசரக்காரரின் மகள் அப்பாவின் பெயருக்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருப்பாள். தொலைபேசியில் அனுப்புபவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு கும்பிடும் கை, பின்னால் ஒரு ரோசாப்பூ. இவையாவது கண்ணுக்குத் தெரியும். தொலைபேசியிலிருந்து வெட்டி ஒட்டும்போது, கண்ணுக்கே தெரியாத வெற்றுக்குறி ஒன்று எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும். அகலமும் இல்லை, உருவமும் இல்லை. ஆனால் கணினி அதைக் கண்டால் மிரளும்.

நான் எழுதிய முதல் நிரல் இவற்றையெல்லாம் பிடிக்கும் என்று நம்பினேன். பைதனில் isalnum என்றொரு கட்டளை இருக்கிறது. ஒரு சொல்லில் எழுத்தும் இலக்கமும் மட்டும்தான் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும். நல்ல காவல்காரன் என்று வாசலில் நிறுத்தினேன். அவன் ஊர் முழுவதையும் வெளியே தள்ளினான். விசாரித்துப் பார்த்தால், எங்கள் மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி அவனுக்கு எழுத்தில்லையாம். கொம்பு, சுழி, விசிறி, கால், அரவு என்ற உயிர்க்குறிகள் ஒன்றும் எழுத்தில்லையாம். சரவணபவன் என்பவர் மட்டும் ச, ர, வ, ண, ப, வ என்று சோதனைகளைத் தாண்டி நம்பிக்கையோடு வந்தார். கடைசி எழுத்தின் புள்ளியில் அவரும் தடக்கி விழுந்தார்.

அன்றைக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டளையைத் தூக்கி எறிந்தேன். தமிழுக்கென்று கணினி ஒதுக்கி வைத்திருக்கும் பகுதியிலுள்ள எழுத்து, சொற்களுக்கு நடுவில் ஒரு வெளி, தலைப்பெழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி, இவை மட்டும் உள்ளே வரலாம், மற்றது எதுவானாலும் வெளியே என்று நானே ஒரு சட்டம் எழுதினேன். அது பிசகில்லாமல் வேலை செய்தது. சொல்வதற்கு என்ன, எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அந்தத் தலைக்கனத்துக்கு அளவாக ஒரு மேலதிகாரியும் எனக்கு வாய்த்தார். பதிவுப் பிரிவின் பொறுப்பாளர் சிவபாதம் சேர். வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். மழையானாலும் வெயிலானாலும் வெள்ளைச் சேட்டில் ஒரு சொட்டு அழுக்கு இராது. அவர் வாயைத் திறந்தால் முதலில் வருவது, "பெயரிலை பெயர் மட்டும் இருக்கவேணும், பிள்ளை" என்பதுதான். யாராவது பெயருக்கு அருகில் நட்சத்திரம் போல ஒரு உடுக்குறி போட்டுவிட்டால், சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் சுளிப்பார். என் நிரலை ஆஸ்பத்திரியில் முதன்முதல் மெச்சியவரும் அவர்தான். மெச்சுவது என்றால், அருகே வந்து நின்று திரையைப் பார்த்து "ம்" என்பார். இரண்டு முறை "ம்" சொன்னால் அது சம்பள உயர்வுக்குச் சமம். சம்பளம் என்னவோ உயர்ந்ததில்லை.

ஒவ்வொரு மாதமும் புதிய பட்டியலைத் திறக்கும் உரிமை அவருக்கு மட்டுமே. கைகழுவிவிட்டு வருவார். விசைப்பலகையை ஒரு துணியால் துடைப்பார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, கண்ணை மூடி, பிறகு முதலாவது கட்டத்தில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழும்புவார். "சரி, இனி நடக்கட்டும்" என்பார். அதன் பிறகுதான் நாங்கள் பெயர்களைப் பதியத் தொடங்குவோம். தாளில் எழுதிய காலத்திலும் அவர் அப்படித்தான் செய்தார். கலியாணச் சாமான் துண்டிலிருந்து பரீட்சைத் தாள்வரை அந்தச் சுழி இல்லாமல் எங்கள் பக்கத்தில் யார் என்னத்தை எழுதுகிறார்கள்?

இப்போது அந்தோனிப்பிள்ளை அண்ணை வருகிறார்.

அவர் மயிலிட்டிக் கடற்றொழிலாளி. ஒரு கண்ணில் புரை முற்றி, மற்றக் கண்ணிலும் தொடங்கிவிட்டது. அவரும் மச்சானும் சேர்ந்து ஒரு வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். இருட்டில் கரை திரும்பும்போது துறைமுக வாயில் விளக்கு அவருக்கு இரண்டாய், மூன்றாய்த் தெரியத் தொடங்கியது. ஒருநாள் வள்ளத்தைக் கல்லில் ஏற்றப் பார்த்திருக்கிறார். மச்சான் பயந்துபோய், கண்ணைத் திருத்தாமல் வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். வாடைக்காற்று அடங்கித் தொழில் தொடங்கும்வரை பார்ப்பானாம். அதற்குள் கண் சரிவராவிட்டால், அண்ணையின் இடத்துக்கு வேறு ஆளை ஏற்றுவானாம்.

இதெல்லாம் அவர் இரண்டாவது முறை "அடுத்த முறை" செய்தி வந்தபோது தொலைபேசியில் எனக்குச் சொன்னது.

"பிள்ளை, எனக்கு என்ன குறை எண்டு சொல்லும். என்ரை பேரிலை ஏதும் பிழையோ?"

பெயரில் பிழையோ என்று என்னிடம் கேட்டால் விடுவேனா? அவருடைய பெயரை எடுத்து எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். அடைப்புக்குறி இல்லை, பூ இல்லை, கண்ணுக்குத் தெரியாத வெற்றுக்குறியும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்த மாதிரி இருந்தது பெயர்.

"உங்கடை பேர் நல்ல துப்புரவு, அண்ணை. நீங்கள் வரிசையிலை கடைசி. அதுதான்."

"ஏன் கடைசி?"

"சீனி வருத்தம் உள்ள ஆக்களை முதல்லை எடுப்பினம். பிறகு பிறஷர் உள்ள ஆக்கள். உங்களுக்கு ரெண்டும் இல்லை."

"அப்ப வருத்தம் இல்லாததுதான் என்ரை குறையோ? வேணுமெண்டால் நாளையிலை இருந்து சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கிறன்."

சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தார். நானும் சிரித்தேன். ஆனால் மூன்றாவது மாதமும் அவருக்கு "அடுத்த முறை" என்று போனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் நிற்பவர் இரண்டு முறை விடுபடலாம். நிபுணரின் கட்டளைப்படி, அப்படி விடுபட்டவரை மூன்றாம் மாதம் சீனி, பிறஷர் வருத்தக்காரருக்கு அடுத்தபடியாக, மற்ற எல்லாருக்கும் முன்னால் நிறுத்தவேண்டும். நிரலிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். என் கணக்குப்படி பன்னிரண்டாவது இடமாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். பிறகும் எப்படி விடுபடுகிறார்?

பட்டியல் முழுவதையும் என் பேன்சீப்பால் வாரினேன். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாப் பெயரும் தமிழ், எல்லாம் துப்புரவு என்றது நிரல். சத்திரசிகிச்சை அறைத் தாதியிடம் போய்க் கேட்டேன். "எங்களுக்குப் பதினொரு பேர்தான் வருகினம் அக்கா, ஒராள் ஒவ்வொருமுறையும் வராமல் விடுறார்" என்றார். வராமல் விடுவது யார் என்று கேட்டால், அவருக்குத் தெரியவில்லை. வாசலில் பெயர் கூப்பிடுகிற எல்லாரும் வருகிறார்கள் என்றார் வாசல் ஊழியர். 

நாலாவது மாதப் பட்டியல் தயாரான அன்று அந்தோனிப்பிள்ளை அண்ணை நேரே வந்துவிட்டார். பஸ் ஏறி, சரத்துக்கு மேலே நல்ல சேட்டு ஒன்று போட்டு, கையால் சுவரைத் தடவிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கதிரையை இழுத்துக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காத்து அடங்கியிட்டுது, பிள்ளை. மச்சான் ஒரு ஆளைக் கதைச்சு வைச்சிருக்கிறான். இந்தமுறை இல்லையெண்டால் எனக்கு வள்ளமும் இல்லை." மேசை விளிம்பைத் தடவிப் பிடித்து என் பக்கம் குனிந்தார். "அந்த லிஸ்ரை எனக்கு வாசியும். எனக்கு முன்னாலை ஆர் ஆர் நிக்கினம் எண்டு கேக்கப்போறன்."

நோயாளர் பட்டியலை மற்றவருக்கு வாசிக்கக்கூடாது என்பது விதி. அதனால் பெயரைச் சொல்லாமல், ஆளுக்கு ஆள் ஊரை மட்டும் வாசித்தேன். "சாவகச்சேரி ஒராள். கொடிகாமம் ஒராள். அளவெட்டி ஒராள்..." அவர் கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு வந்தார். கடற்கரையில் மீன் எண்ணுகிற பழக்கம். நான் கோடு கிழித்திருந்த இடத்தில் நிறுத்தினேன். கோட்டுக்குக் கீழே முதல் ஆள் அவர்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் அண்ணை. பன்னிரண்டு பேரும் முடிஞ்சுது."

"எங்கை பன்னிரண்டு? பதினொண்டெல்லே வாசிச்சனீர்."

"இல்லை அண்ணை, இஞ்சை இலக்கம் பன்னிரண்டு எண்டு கிடக்கு."

"திருப்பி வாசியும்."

திருப்பி வாசித்தேன். திருப்பியும் பதினொன்று. எனக்கு மெல்ல எரிச்சல் வந்தது. திரையில் விரலை வைத்து, வரிசை இலக்கத்தோடு சேர்த்து மூன்றாம் முறை வாசிக்கத் தொடங்கினேன். "இரண்டு, சாவகச்சேரி." வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏன் இரண்டிலிருந்து தொடங்குகிறேன்? ஒன்றாம் இலக்கத்தில் யார்?

ஒன்றாம் இலக்கத்தில் பிள்ளையார் இருந்தார்.

பெயர்: உ. ஊர்: விபரம் இல்லை. தொலைபேசி: இல்லை. தொலைபேசி இல்லாத முதியவர்கள் நிறையப்பேர் என்பதால், அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கலாம் என்று நானே அனுமதி கொடுத்திருந்தேன். வருத்த விபரம் எழுதாதவருக்குச் சீனி வருத்தம் இருக்கலாம் என்று பாதுகாப்புக்காக முன்னால் போடச் சொல்லியிருந்தார்கள். என் சட்டப்படி உ நல்ல தமிழ் எழுத்து. அடைப்புக்குறி இல்லை, ரோசாப்பூ இல்லை. காவல்காரன் எழும்பி நின்று உள்ளே விட்டிருக்கிறான். பேன் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த என் நிரலுக்கு, இது ஒரு ஆளின் தலைதானா என்று கேட்கத் தெரியவில்லை.

மனிதர்கள் எல்லோரும் சரியாகவே வாசித்திருக்கிறார்கள். பதிகிற பிள்ளைகளும் நானும் அந்தச் சுழியைப் பார்த்தோம், பார்த்துவிட்டுக் கீழே போனோம். வாசல் ஊழியர் தாளின் தலையில் சுழியைக் கண்டு, மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, அடுத்த பெயரிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். பிறந்த நாள் முதல் பார்த்த சுழியை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணினி ஒன்றுதான் சேர்த்தது. திரையைப் பார்க்க முடியாத மனிதர் காதால் எண்ணியதால் பிள்ளையார் அகப்பட்டார்.

"இருங்கோ அண்ணை, வாறன்" என்று சொல்லிவிட்டு சிவபாதம் சேரின் அறைக்கு ஓடினேன். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதாதென்று திரும்பவும் துடைத்தார்.

"அப்ப மூண்டு மாசமா அந்த மனுசன்ரை இடத்திலை..."

"பிள்ளையார் இருந்திருக்கிறார், சேர்."

"அவர் இடம் கேட்டவரோ?"

"இல்லை சேர். நீங்கள்தான் இருத்தினீங்கள்."

வேறு நாளாயிருந்தால் அந்த வாய்க்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். அன்று அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் சுழியை அழிக்கிறேன் என்றதும் நிமிர்ந்தார்.

"அழிக்க ஏலாது. தொடங்கின காரியம். அதுவும் ஆக்களின்ரை கண். கத்தி வைக்கிற வேலை, பிள்ளை."

"அப்ப அந்தோனிப்பிள்ளை அண்ணையின்ரை கண்?"

"பன்னிரண்டை அழிச்சுப் பதின்மூண்டு எண்டு போடுமன்."

"நீங்கள் ஒருநாள் லீவிலை நிண்டு, சுழி போடாமல் விட்டால், பதின்மூண்டாவது ஆள் வெறுவயித்தோடை வந்து வாசல்லை நிப்பார் சேர்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சுழி இல்லாமல் அவருக்கு அன்றிரவு நித்திரை வராது என்பதும் தெரியும். வெளியே ஒரு மனிதர் வள்ளத்தை இழக்கப் போகிறார் என்பதும் தெரியும். இரண்டு பேரையும் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பைதனில் ஒரு வரியின் தலையில் # என்ற குறியைப் போட்டால், அந்த வரியைக் கணினி தாண்டிப் போய்விடும். அது மனிதர் வாசிப்பதற்காக மனிதர் எழுதி வைக்கும் வரி. பெயர்களுக்குள் கண்டால் நான் கொத்தோடு பிடுங்கி எறிகிற குறிகளில் அதுவும் ஒன்று.

"சேர், பிள்ளையாரைப் பட்டியல்லை இருந்து எழுப்பி, நிரலின்ரை முதல் வரியிலை இருத்துவம். அங்கை இருந்தால் எல்லாப் பட்டியலுக்கும் அவர்தான் முதல். ஒவ்வொரு மாசமும் நிரல் அவரிலை இருந்துதான் தொடங்கும். ஆனால் கணினி அவரை எண்ணாது."

"எண்ணாது எண்டால், அவர் அங்கை இருப்பாரோ?"

"இருப்பார் சேர். ஆரின்ரை இடத்தையும் எடுக்காமல் இருப்பார்."

சிவபாதம் சேர் எழும்பிப் போய்க் கைகழுவிவிட்டு வந்தார். என் கதிரையில் இருந்து, விசைப்பலகையைத் துடைத்து, கண்ணை மூடி, நிரலின் முதல் வரியில் நான் போட்டுக் கொடுத்த குறிக்குப் பக்கத்தில் தன் கையால் சுழியைப் போட்டார். பிறகு பட்டியலில் இருந்ததை நான் அழித்தேன். பார்க்கமாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிரலை ஓடவிட்டேன். பன்னிரண்டாம் இலக்கத்தில் மயிலிட்டி வந்து நின்றது. சேர் "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்".

அதோடு நிற்கவில்லை. நேரே அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம் போனார்.

"மன்னிக்கவேணும் அண்ணை. உங்கடை இடத்திலை எங்கடை ஆள் ஒராள் இருந்திட்டார்."

"ஆர் சேர் அவர்?"

"பிள்ளையார்."

அண்ணைக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். முதலில் என்னையும் பிறகு சேரையும் மங்கலான கண்ணால் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதிரை ஆடச் சிரித்தார்.

"நான் அந்தோனியாருக்கெல்லே நேர்த்தி வைச்சனான்! ஏன் ஒண்டும் செய்யிறாரில்லை எண்டு மூண்டு மாசமா அவரோடை கதை பேச்சு இல்லை. பாவம், அவர் என்ன செய்யிறது? வரிசையிலை முன்னுக்குப் பிள்ளையார் நிண்டால் அவரும் மரியாதைக்குப் பின்னுக்கு நிக்கத்தானே வேணும்."

சிவபாதம் சேர் சத்தமாகச் சிரித்ததை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கண்டேன்.

அந்த மாதம் அண்ணைக்குக் கண் வெட்டினார்கள். கட்டு அவிழ்த்து, மருந்து விட்டு, நிபுணர் சரி என்று சொன்னதும், வீட்டுக்குப் போகும் வழியில் என் மேசைக்கு வந்தார். இந்த முறை சுவரைத் தடவவில்லை. வரும் கிழமை தொழிலுக்கு இறங்குவதாகவும், மச்சான் கதைத்து வைத்த ஆளுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ, சீனி போடட்டோ என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும், பிள்ளை. என்ரை இடத்திலை இருந்த ஆளைக் காட்டும் பாப்பம்."

நிரலைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். மேலிருந்து கீழ்வரை ஆங்கில எழுத்தும் குறிகளும் நிறைந்து கிடந்தன. எங்கே என்று விரலை நீட்டப் போனேன். "பொறும், சொல்லாதையும்" என்று கையைத் தடுத்தார். முகத்தைக் கிட்டக் கொண்டு வரவில்லை. கதிரையில் சாய்ந்தபடி, துறைமுக வாயில் விளக்கைப் பார்ப்பவர் போல, தள்ளியிருந்தே பார்த்தார். விரல் நேரே முதல் வரிக்குப் போய் நின்றது.

"உவரே? இத்தினைச் சின்ன ஆளே?"

"ஓம் அண்ணை. உவர்தான்."

"இப்ப ஆரின்ரை இடத்திலையும் இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப இருக்கட்டும்."